நரம்பின் தூதும் வயலின் நஞ்சும்

"பாதர், பூச்சிக்கு அடிக்கிற மருந்து மனுசனுக்கு ஏன் ஏறுது? பூச்சி எங்க, மனுசன் எங்க?"

ஓர்ஸ் ஹில்லில் நாம் நடத்தும் வகுப்புகளுக்குத் தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலிருந்து வரும் கமக்காரர்கள் இக்கேள்வியை ஏதோ ஒரு வடிவில் கேட்காமல் விடுவதில்லை. நல்ல கேள்வி. "மருந்து நஞ்சு, அதனால் ஏறுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பதில் கேட்டவருக்கு எவ்வித பாதுகாப்பையும் தராது. ஏன் ஏறுகிறது என்று விளங்கிக் கொண்டவர்தான் எப்போது ஏறும், எப்படித் தடுக்கலாம், ஏறியவரை எவ்வளவு நேரம் கவனிக்க வேண்டும் என்பதையும் விளங்கிக் கொள்வார். ஆகவே இம்முறை பாடத்தை வயலிலிருந்து தொடங்காமல் மூளையிலிருந்து தொடங்குவோம்.

மூளையின் கலங்கள்

நமது உடல் முழுவதும் கலங்களால் ஆனது. மூளையிலும் நரம்புகளிலும் உள்ள விசேட கலங்களை நரம்புக் கலங்கள் என்கிறோம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். ஒவ்வொன்றும் ஒரு சிறு உடலையும், அதிலிருந்து கிளைக்கும் மெல்லிய இழைகளையும் கொண்டது. முள்ளந்தண்டிலிருந்து காற்பெருவிரல் வரை ஒரே கலத்தின் இழை ஒரு மீற்றர் அளவுக்கு நீள்வதும் உண்டு.

இந்த இழைகள் எல்லாம் மீன்பிடி வலை போல ஒன்றோடொன்று முடிச்சிட்டு ஒட்டியிருக்கின்றனவா, அல்லது ஒவ்வொரு கலமும் தனித்தனியாக நிற்கிறதா என்பது நெடுங்காலம் பெரிய விவாதமாக இருந்தது. வலை போன்றதே என்றார் இத்தாலியரான கமிலோ கொல்கி. இல்லை, ஒவ்வொரு கலமும் தனியானது, பக்கத்தில் நெருங்கி நிற்கிறதே தவிர ஒட்டவில்லை என்றார் ஸ்பானியரான சந்தியாகோ ரமோன் இ கஹால். 1906 ஆம் ஆண்டு இருவருக்கும் சேர்த்தே நொபெல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் கஹாலின் பக்கமே நியாயம் என்பதைக் காட்டின. கலத்துக்கும் கலத்துக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால், அதில் 20 முதல் 50 பங்குதான் அந்த இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் நமது பாடம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே நடக்கிறது.

துறையும் பாதையும்

2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முந்திய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். திருகோணமலையிலிருந்து போகும் பஸ் துறையோடு நின்றுவிடும். பஸ் தண்ணீரைக் கடக்காது. ஆட்கள் இறங்கிப் பாதையில் ஏறி அக்கரை சேர வேண்டும். அங்கே வேறு பஸ் ஏறினால் பயணம் தொடரும்.

நரம்பிலும் இதுவே நடக்கிறது. ஒரு கலத்தின் இழை நெடுகச் செய்தி மின்சாரமாக ஓடுகிறது. இழையின் முடிவில் இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டாது. அங்கே இழையின் நுனி ஒரு சிறிதளவு இரசாயனப் பொருளை இடைவெளிக்குள் விடுகிறது. அது அக்கரையை அடைந்து, அங்குள்ள கலத்தின் மேல் அமைந்திருக்கும் வாங்கிகளில் சென்று பொருந்துகிறது. பூட்டில் திறப்புப் பொருந்துவது போன்ற வேலை இது. பொருந்தியதும் அக்கரைக் கலத்தில் செய்தி மீண்டும் கிளம்புகிறது. அல்லது, அக்கலம் தசையாக இருந்தால், அது சுருங்குகிறது.

இந்த இரசாயனத் தூதர்களில் பல வகை உண்டு. டோபமின் குறையும்போது கைநடுக்கமும் அசைவு மந்தமும் கொண்ட பார்க்கின்சன் நோய் வருகிறது. காபா என்ற தூதர் மூளையை அமைதிப்படுத்துபவர். கள்ளும் கசிப்பும் அவருடைய வேலையை அளவுக்கு மீறித் தூண்டுவதாலேயே குடித்தவருக்கு நாக்குக் குழறுகிறது, கால் தடுமாறுகிறது. செரோட்டனின், அட்ரினலின் போன்ற வேறு தூதர்களும் தூக்கம், பசி, பயம், கோபம், மகிழ்ச்சி ஆகியவற்றில் பங்கு கொள்கின்றனர். இன்று நாம் பார்க்கப் போவது இவர்களில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டவரை. அவர் பெயர் அசற்றைல்கோலின்.

இரண்டு தவளை இதயங்கள்

ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் 1921 ஆம் ஆண்டு ஒற்றோ லூவி என்ற பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, உப்புநீரில் தொடர்ந்து துடிக்க வைத்தார். முதலாவது இதயத்தோடு இணைந்திருந்த நரம்பைத் தூண்டினார். அந்த இதயம் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியது. அது எல்லோரும் அறிந்ததே. பிறகு அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து, நரம்பு எதுவும் தூண்டப்படாத இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் கட்டளை நீரில் கரைந்து வந்திருந்தது! நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்பதற்கு அதுவே தெளிவான முதற் சான்று. அந்த இரசாயனம் அசற்றைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. இதற்காக லூவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் 1936 ஆம் ஆண்டு நொபெல் பரிசு கிடைத்தது.

அசற்றைல்கோலின் நமது உடலில் செய்யும் வேலைகள் பல. கை கால் தசைகளையும் மூச்சுக்கான தசைகளையும் சுருங்கச் செய்வது அதுவே. இதயத் துடிப்பை அடக்குகிறது. உமிழ்நீர், கண்ணீர், வியர்வை, நுரையீரலின் சளி ஆகியவற்றைச் சுரக்கச் செய்கிறது. குடலை அசைக்கிறது; சிறுநீர்ப்பையைச் சுருக்குகிறது; கண்மணியைச் சிறிதாக்குகிறது. மூளைக்குள்ளே கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் துணை நிற்கிறது. ஒரு வாய் சோறு மெல்லும்போதும், வரப்பில் கால் வைக்கும்போதும், பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் இந்தத் தூதர் இல்லாமல் காரியம் நடக்காது.

செய்தியை முடித்து வைப்பவர்

பாதையில் வந்திறங்கிய ஆட்கள் கரையை விட்டு அகலாமல் நின்றுகொண்டால் என்ன நடக்கும்? அடுத்த பாதை வந்து ஆட்களை இறக்க முடியாது. நெரிசல் கூடிக் கூடிக் கடைசியில் துறையே இயங்காமற் போய்விடும்.

ஆகவே உடல் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த இடைவெளியில் கோலின் எஸ்தரேஸ் என்ற நொதியம் காத்திருக்கிறது. தூதர் செய்தியைக் கொடுத்தவுடன் அவரைப் பிடித்து இரண்டாக உடைத்துவிடுவது அதன் வேலை. இந்த நொதியத்தின் ஒரு மூலக்கூறு ஒரு விநாடிக்குள் பல ஆயிரம் அசற்றைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கும். தசை சுருங்கி உடனே தளர்வதும், அடுத்த கட்டளைக்குத் தயாராவதும் இதனாலேதான். செய்தி போய்ச் சேர்வது எவ்வளவு முக்கியமோ, அது உரிய நேரத்தில் முடிவதும் அவ்வளவு முக்கியம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக் கொண்டால் மீதிப் பாடம் எளிதாகும்.

லூவியும் டேலும் நொபெல் பரிசு பெற்ற அதே 1936 ஆம் ஆண்டின் டிசம்பரில், ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற இரசாயனவியலாளர் புதிய பூச்சிகொல்லி ஒன்றைத் தேடிக் கொண்டிருந்தார். அவர் உண்டாக்கிய பொருள் பூச்சிக்கு மட்டுமன்றி மனிதருக்கும் ஆபத்தானதாக இருந்தது. அதைப் படையினர் எடுத்துக் கொண்டு தபுன் என்ற போர் நஞ்சாக்கினர். அதன் உறவான சரின் 1995 மார்ச் மாதம் டோக்கியோவின் சுரங்க ரெயில்களில் பொதுமக்கள் மேல் விடப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, வீரியம் குறைந்த வேறு பொருட்கள் போத்தல்களில் அடைக்கப்பட்டு நமது வயல்களுக்கு வந்தன. இவற்றை ஓகனோபொஸ்பேற்று வகை என்பர். பரதியோன், மொனோகுரோட்டபொஸ், டைமெதோயேற்று, பென்தியோன், குளோர்பைரிபொஸ், புரபெனபொஸ் ஆகியன இவ்வகையின. காபோபியூரான் போன்ற காபமேற்று வகையும் ஏறத்தாழ இதே முறையில் வேலை செய்கிறது; அதன் பிடி மட்டும் விரைவில் தளரும்.

இவை செய்வது ஒரே வேலைதான்: கோலின் எஸ்தரேசைப் பிடித்துக் கட்டிப் போடுகின்றன. செய்தியை முடித்து வைப்பவர் இல்லாமற் போகிறார். தூதர் துறையில் குவிகிறார். பூச்சியின் நரம்பிலும் அசற்றைல்கோலினே தூது செல்கிறது. நம்முடைய நரம்பிலும் அதுவே. கமக்காரர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. பூச்சிக்கும் மனிதனுக்கும் உருவம் வேறு; நரம்பின் பாஷை ஒன்று. அந்தப் பாஷையைக் குழப்பும் பொருள் ஆளைப் பார்த்துக் குழப்புவதில்லை.

உடம்பில் தெரிவது என்ன

தூதரின் வேலைகளை மேலே வரிசைப்படுத்தினோம். அந்த வேலைகள் எல்லாம் அளவு கடந்து நடப்பதாக நினைத்துப் பாருங்கள். நோயின் அறிகுறிகள் தாமாக வந்துவிடும். வாயில் நீர் ஊறும், கண் கலங்கும், வியர்த்துக் கொட்டும். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கிப் பார்வை மங்கும். வயிறு பிசைந்து வாந்தியும் பேதியும் வரும். சிறுநீர் தானாகப் போகும். நெஞ்சு இறுகி, நுரையீரலில் சளி நிறைந்து மூச்சு இரையும். இதயம் மெதுவாகும். தசைகள் தோலின் கீழ் புழு நெளிவது போலத் துடித்து, பிறகு சோர்ந்து விழும். சிறிதளவு ஏறியவருக்கு இவ்வளவும் வராது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கைநடுக்கம் மட்டும் வரும். அதை நாம் "வெயில் பட்டது", "பசி மயக்கம்" என்று சொல்லித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் தெளிகருவியைத் தோளில் போடுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூளைக்குள்ளும் அதே தூதர் குவிவதால் ஆளின் நடத்தை மாறுகிறது. காரணமில்லாத பதற்றம், எரிச்சல், குழம்பிய பேச்சு, தூக்கக் கெடுதி, கடுமையாக ஏறினால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். மாலையில் வயலிலிருந்து தள்ளாடி வரும் ஒருவரைக் கண்டு "குடித்திருக்கிறார்" என்பதும், பிதற்றுகிறவரைக் கண்டு "பேய் பிடித்துவிட்டது" என்று கழிப்புக் கழிக்கப் போவதும் நமது கிராமங்களில் நடக்கக் கூடியவை. அதனால் இழக்கப்படும் ஒரு மணித்தியாலம் ஓர் உயிரின் விலையாகலாம். நடத்தையில் இரசாயனத்துக்குப் பங்கு உண்டு என்பதால் மனிதனின் மனச்சாட்சியோ சுதந்திரமோ பொய்யாகிவிடாது. ஆனால் ஒருவர் விழுந்து கிடக்கும்போது அவருடைய ஒழுக்கத்தை எடைபோடுவதற்கு முன் அவருடைய கண்மணியையும் மூச்சையும் பார்ப்பதே நமது கடமை.

பேராதனை உலகுக்குச் சொன்னது

இந்த நஞ்சைப் பற்றிய ஒரு முக்கியமான உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் நமது நாட்டு வைத்தியர்களே. 1987 ஆம் ஆண்டு நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியெத்த ஆகிய இருவரும் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினர. இவர்கள் ஓகனோபொஸ்பேற்று நஞ்சின் முதல் ஆபத்திலிருந்து சிகிச்சையால் தேறியவர்கள். வியர்வை நின்றுவிட்டது, நினைவு திரும்பிவிட்டது. ஆனால் நஞ்சேறி 24 மணித்தியாலத்துக்கும் 96 மணித்தியாலத்துக்கும் இடையில் அவர்களுடைய தசைகள் சோரத் தொடங்கின. கழுத்து, கண், தோள், தொடைத் தசைகளோடு மூச்சுக்கான தசைகளும் சோர்ந்தன. இதனை அவர்கள் இடைநிலைக் கூட்டறிகுறி என்று பெயரிட்டனர்.

கிராமத்தவரான நமக்கு இதில் உள்ள பாடம் மிகத் தெளிவானது. இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்பதற்காக, "எழுதித் தாருங்கள், வீட்டுக்குக் கொண்டு போகிறோம்" என்று வைத்தியசாலையில் அடம் பிடிக்கக் கூடாது. துண்டு வெட்டும் வரை பொறுத்திருக்க வேண்டும். அருகிலிருப்பவர் கவனிக்கக் கூடிய எளிய அடையாளம் ஒன்று உண்டு: படுத்திருப்பவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா? முடியாவிட்டால் உடனே தாதியிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். அந்த நேரத்தில் மூச்சுக்கு இயந்திரத்தின் உதவி கிடைத்தால், நாட்கள் எடுத்தாலும் தசைகள் மீளும்.

வைத்தியசாலையில் முதலில் கொடுக்கப்படும் மருந்து அற்றோபின். அது நஞ்சை வெளியேற்றுவதில்லை. இதயத்திலும் சுரப்பிகளிலும் நுரையீரலிலும் உள்ள வாங்கிகளை மூடிவிடுகிறது. தூதர் குவிந்து நின்றாலும் கதவு திறக்காது. சளி வற்றி மூச்சு இலகுவாகும். ஆனால் கை கால் தசைகளின் வாங்கிகள் வேறு வகையின. அவற்றில் அற்றோபின் வேலை செய்யாது. இதனாலேதான் அற்றோபின் கொடுத்த பிறகும் மூச்சுத் தசைகள் சோரக் கூடும். அற்றோபின் கூடினால் நோயாளி வாய் உலர்ந்து, காய்ச்சல் கண்டு, இல்லாத பொருட்களைக் காற்றில் பொறுக்குவார். வாய்க்கு வந்தபடி பேசுவார். அதைக் கண்டு உறவினர் பயப்பட வேண்டாம், ஏசவும் வேண்டாம். வைத்தியருக்கு அறிவித்தால் அளவைக் குறைப்பார்.

ஊமத்தையும் விரியனும்

இதே துறையை வேறு வழிகளில் குழப்புபவையும் நமது சுற்றாடலில் உண்டு. வேலியோரம் நிற்கும் ஊமத்தையில் அற்றோபினும் அதன் உறவுப் பொருட்களும் இருக்கின்றன. அதன் விதையைத் தின்ற பிள்ளை கண்மணி விரிந்து, முகம் சிவந்து, ஆளறியாமல் பிதற்றும். பைத்தியம் என்று நாம் சொல்வது சிலவேளைகளில் மூடப்பட்ட வாங்கிகளின் கதையே. மருந்தேறியவருக்கு ஊமத்தையைக் கைமருந்தாகக் கொடுக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. விதைக்கு விதை அதன் வீரியம் மாறும். ஒரு நஞ்சோடு இரண்டாவது நஞ்சு சேரும்.

கட்டுவிரியன், எட்டடி விரியன் என்று அழைக்கப்படும் பாம்பு இரவில் வந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கிறது. கடிவாயில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. வயிற்றுவலி வரலாம். பின்னர் கண் இமைகள் தொங்கும், விழுங்க முடியாது, மூச்சுத் தளரும். இப்பாம்பின் நஞ்சு இக்கரையிலேயே கைவைக்கிறது. நரம்பு நுனியில் உள்ள தூதரின் களஞ்சியத்தைப் பாழாக்குகிறது. நுனி புதிதாக வளரும் வரை தசைக்குச் செய்தி இல்லை. நாக பாம்பின் நஞ்சோ பெரும்பாலும் அக்கரையிலுள்ள வாங்கிகளை அடைக்கிறது. விரியனின் நஞ்சு நரம்பு நுனியைச் சிதைத்த பின்னர் மாற்றுமருந்து அதை மீட்காது; ஆகவே விடியும் வரை காத்திருத்தல் பெரும் தவறு. வலி இல்லை என்பது கடி இல்லை என்பதற்குச் சான்றாகாது. நுளம்பு வலையை ஓரம் செருகிக் கட்டிக்கொண்டு படுப்பது இப்பாம்புக்கும் நல்ல தடுப்பு.

"நேற்று ஒன்றும் ஆகவில்லையே"

மருந்து தெளிப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் மறுமொழி இது. பத்து வருடமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பர். இங்கேதான் நொதியத்தைப் பற்றிய அறிவு நமக்கு உதவுகிறது.

நன்கு கட்டுண்ட நொதியம் மீண்டும் விடுபடுவதில்லை. உடல் புதிதாக உண்டாக்க வேண்டும். இரத்தத்தின் சிவப்புக் கலங்களில் உள்ள நொதியம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு வீதம் என்ற கணக்கிலேயே மீள்கிறது. இன்று கொஞ்சம் இழந்தவர் நாளை மறுநாள் மீண்டும் தெளித்தால், இழப்பின் மேல் இழப்புச் சேரும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல் கையிருப்புக் குறைந்துகொண்டே போகும். பிறகு ஒரு நாள் வழக்கமான அளவே பட்டிருக்க, ஆள் வரப்பில் விழுவார். "இவ்வளவுக்கும் நேற்று ஒன்றும் ஆகவில்லையே" என்போம். அன்று பட்ட அளவோடு அதற்கு முந்திய வாரங்களில் பட்டதும் சேர்ந்தே அவரை விழுத்துகிறது. பக்கத்து வயல்களுக்கும் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர்களுக்கே இந்த ஆபத்து மிகக் கூட.

இந்த நஞ்சு வாயால் மட்டும் ஏறுவதில்லை. நனைந்த சாரம், வெறும் முதுகில் ஒழுகும் தெளிகருவி, கலக்கும் வெறுங்கை, அடைத்த குழாய் நுனியை வாயால் ஊதுதல், மருந்துக் கையோடு வெற்றிலை போடுதல், எதிர்க்காற்றில் தெளித்தல் எல்லாம் அதற்கு வாசல்கள். வியர்த்த தோல் இன்னும் அகலத் திறந்த வாசல். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கும் தாய்மார்களையும் மறக்கக் கூடாது.

வெறும் போத்தலும் வெறுமையாவதில்லை. 2013 ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில், சாரன் மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மொனோகுரோட்டபொஸ் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிய வந்தது. நமது வீடுகளில் மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இல்லை என்று எத்தனை பேர் உறுதியாகச் சொல்வோம்?

கடைத்தட்டிலிருந்து நீங்கியபோது

இனி ஒரு துயரமான பக்கத்தையும் பேச வேண்டும். 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் ஆண்டுதோறும் தமது உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அவர்களில் மிகப் பலரின் மரணத்துக்குப் பீடைகொல்லிகளே காரணமாயின. பிழைத்தவர்களோடு பேசிய ஆய்வாளர்கள், பலர் அரை மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் அந்த முடிவுக்கு வந்திருந்ததைக் கண்டனர். ஒரு வாக்குவாதம், ஓர் அவமானம், கடன்காரரின் ஒரு சொல். அந்த வேகம் தணிந்திருந்தால் பலர் மறுநாள் வேறு மனதோடு விடிந்திருப்பர்.

பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980 இல் வந்தது. 1984 இல் பரதியோன் நிறுத்தப்பட்டது. 1995 இல் மொனோகுரோட்டபொஸ், மெதமிடபொஸ் உட்பட மிகக் கொடிய வகைகள் நிறுத்தப்பட்டன. 1998 இல் என்டோசல்பானும், 2008 க்கும் 2011 க்கும் இடையில் டைமெதோயேற்று, பென்தியோன், பரகுவாட் ஆகியனவும் படிப்படியாக நீக்கப்பட்டன. தற்கொலை மரண விகிதம் 2015 அளவில் ஏறத்தாழ 70 வீதத்தால் குறைந்திருந்தது. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்தனர். விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயம் இருந்தது. ஆனால் 1990களின் தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அனுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில் இதையே சோதித்தனர். ஒரு பகுதி வீடுகளுக்குப் பூட்டும் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. 2017 இல் வெளியான முடிவின்படி, பெட்டி கிடைத்த கிராமங்களில் தற்கொலை முயற்சிகள் குறைந்ததாகக் காண முடியவில்லை. சிறு பிள்ளைகளை நினைத்துப் பூட்டி வைப்பது அவசியமே. ஆனால் பெரியவர்களைக் காத்தது பூட்டைவிட, கொடிய நஞ்சு கடைத்தட்டில் இல்லாமற் போனதே. வீட்டில் மருந்து இருப்பு வைக்காதிருத்தல் என்ற நல்ல பழக்கத்தையும் நாம் இதிலிருந்து கற்கலாம்.

இவ்வாறான துயரத்துக்கு ஆளான குடும்பத்தைப் பற்றி ஊர் பேசுவது நமக்குத் தெரியும். மருந்து அருந்திப் பிழைத்து வந்தவரிடம் "ஏன் செய்தாய்" என்று விசாரணை வைப்பதைவிட, பக்கத்தில் இருந்து சாப்பிட்டாயா என்று கேட்பது மேலானது. மனப்பாரம் தாங்க முடியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

நாம் செய்யக் கூடியவை

மருந்து தெளிப்பதற்கு முன்: பூச்சியைக் கண்டவுடன் போத்தலை எடுக்காமல் வயலில் இறங்கி எண்ணிப் பாருங்கள். சிலந்தியும் தும்பியும் கபிலநிறத் தத்தியைத் தின்பவை. அவற்றின் நரம்பும் அதே பாஷைதான் பேசுகிறது. தேவையற்ற மருந்து நமது கூலியில்லாத வேலைக்காரரை முதலில் கொன்றுவிட்டுத் தத்தியைப் பெருக்கிவிடும். ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் பற்றி உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

தெளிக்கும்போது: லேபலை வாசியுங்கள், வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நீண்ட கைச் சட்டை, நீளக் காற்சட்டை, இறப்பர்க் கையுறை, வாய் மூக்கு மறைப்பு அவசியம். காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நின்று தெளியுங்கள். ஒரே ஆள் தொடர்ந்து நாட்கணக்காகத் தெளிக்காமல் முறை மாற்றுங்கள். முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடுப்பைத் தனியே துவையுங்கள். தெளிகருவியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள். வெறும் போத்தலை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு விடுங்கள்.

ஒருவருக்கு ஏறிவிட்டால்: வயலை விட்டு அப்புறப்படுத்துங்கள். நனைந்த உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு தோலையும் தலைமயிரையும் கழுவுங்கள். கழுவுபவர் தமது கையைக் காத்துக் கொள்ளட்டும். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். புளி, முட்டை, பால் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். போத்தலையோ லேபலையோ வைத்தியரிடம் காட்டக் கொண்டு செல்லுங்கள். எந்த வகை மருந்து என்று தெரிந்தால் அவருடைய வேலை பாதி இலகுவாகும்.

கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் இப்பாடத்தைத் தமது கூட்டத்தில் வாசித்துக் கீழ்வரும் கேள்விகளைப் பேசலாம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது கிராமத்தில் சென்ற பெரும்போகத்தில் தெளிக்கப்பட்ட மருந்துகளின் பெயர்கள் என்ன? அவற்றில் ஓகனோபொஸ்பேற்று, காபமேற்று வகையின எத்தனை? லேபல்களைக் கொண்டு வந்து ஒன்றாகப் பாருங்கள்.

2. நமது ஊரில் கூலிக்கு மருந்தடிப்பவர்கள் யார்? ஒரு வாரத்தில் எத்தனை நாள் தெளிக்கிறார்கள்? அவர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது: வேலை கொடுப்பவருடையதா, அமைப்பினுடையதா?

3. தள்ளாடி வந்தவரைக் குடிகாரர் என்றும், பிதற்றியவரைப் பேய் பிடித்தவர் என்றும் நாம் தள்ளிவிட்ட சந்தர்ப்பங்கள் உண்டா? இப்போது அவற்றை எப்படிப் பார்க்கிறோம்?

4. ஒவ்வொரு வீட்டிலும் இருப்பு வைக்காமல், தேவைக்கு மட்டும் வாங்கிப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாட்டை நமது அமைப்பு அடுத்த சிறுபோகத்துக்குள் செய்ய முடியுமா? முடியாது என்றால், தடையாக இருப்பது என்ன?